புத்தகத்தில் 20, கையில் 7

என் பிரசவக் கேஸ் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி ஒவ்வொருத்தியும் 20 சுகப்பிரசவமாவது தன் கையால் பார்த்திருக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடத்திட்டத்தின் கணக்கு. என் புத்தகத்திலும் 20 இருக்கிறது. தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், வலி கண்ட நேரம், குழந்தை பிறந்த நேரம், எடை, நஞ்சுக்கொடி விழுந்த நேரம் எல்லாம் கோடு போட்டு அழகாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதில் நான் கையால் எடுத்தது 7. மீதியில் பாதி, பக்கத்தில் நின்று பார்த்தவை. மற்றவை பார்க்கவும் இல்லை. சீனியர் அக்காக்களின் புத்தகத்தை வாங்கி, விவரத்தை மாற்றி எழுதியவை.

இதை இத்தனை நாள் வெளியில் சொன்னதில்லை. இப்போது நான் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர். பிள்ளைகளின் கேஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி புத்தகத்தை நீட்டியபோது பேனாவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று இரவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. 2017இல் நர்சிங் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் மூன்றாம் ஆண்டு, குழந்தைகள் வார்டில் போஸ்டிங், அதாவது செய்முறைப் பயிற்சி. மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுப்பது, எடைக்கு ஏற்ற மருந்தளவைக் கணக்குப் போடுவது எல்லாம் அப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருந்தது. கொரோனா காரணமாக 17ஆம் தேதியிலிருந்து கல்லூரிகளுக்கு விடுமுறை, 31 வரைக்கும்தான் என்றார்கள். இரண்டு வாரம்தானே என்று ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினேன். யூனிஃபார்ம், வெள்ளை ஷூ, ஸ்டெதஸ்கோப் எல்லாம் ஹாஸ்டல் அலமாரியிலேயே இருந்தன. டிசம்பரில் அலமாரியைத் திறந்தபோது ஷூ முழுக்கப் பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது.

22ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு ஊரே கை தட்டியது. ஆயா வாசலில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். "எங்க நர்சுப் பொண்ணுக்கும் சேத்துத்தான் தட்றேன்" என்று எதிர்வீட்டுக்காரர்களிடம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர்களுக்கும் பேறுகாலப் பணியாளர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைகிற மே 12க்குக் கல்லூரியில் பெரிய விழா வைக்கப் பேசியிருந்தோம். அன்றைக்கு நான் வீட்டுத் திண்ணையில் ஒரு அகல் விளக்கு ஏற்றி, போனைச் சுவரில் சாய்த்து வைத்து உறுதிமொழியைச் சொன்னேன். பாதியில் நெட் போய்விட்டது. மீதியைத் தனியாகச் சொல்லி முடித்தேன்.

வகுப்புகள் போனில் தொடங்கின. வீட்டில் இருந்தது ஒரே போன். தம்பி பத்தாம் வகுப்பு. ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸ் என்று அறிவிப்பு வந்த பிறகுதான் போன் முழுதாக என் கைக்கு வந்தது. அப்புறம் சிக்னல். வீட்டுக்குள் ஒரு புள்ளிகூட வராது. உப்பளத்து வரப்பில் ஏறி நின்றால் நன்றாக வரும். ஆனால் அந்த வெயிலில், வெள்ளை வெளேர் என்று உப்புப் பாத்திகள் அடிக்கிற கூச்சத்தில், திரையில் ஒன்றும் தெரியாது. துப்பட்டாவைத் தலையோடு மூடி, அதற்குள் போனை வைத்துக்கொண்டு பாடம் கேட்பேன். கொஞ்சம் தள்ளி அம்மா உப்பு வாரிக் கூடையில் சுமந்துகொண்டிருப்பார். கூடை இறக்கி நிமிரும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஆண்டு ஹாஸ்டலையே பார்க்காத எங்களிடம் ஹாஸ்டல் கட்டணமும் மெஸ் கட்டணமும் சேர்த்துக் கேட்டார்கள். அம்மா காதில் கிடந்தது அதற்குத்தான் போனது.

செய்முறையும் வீட்டில்தான். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவது, படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆயாதான் நோயாளி, கயிற்றுக் கட்டில்தான் வார்டு. அம்மாவின் பழைய புடவையை நாலாக மடித்து விரிப்பாக்கிக்கொள்வேன். ஊசி போடும் செய்முறைக்குக் கத்தரிக்காய். தோலைத் துடைத்து, 90 டிகிரியில் குத்தி, ஊசி ரத்தக் குழாயில் இறங்கவில்லை என்று இழுத்துப் பார்த்து மருந்தைச் செலுத்துவது வரை எல்லாம் சரியாகச் செய்து முழு மதிப்பெண் வாங்கினேன். கத்தரிக்காய் கையை உதறாது. குத்தும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காது. ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு ஆளிடம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே தசை தளர்கிற அந்த நொடிக்காகக் காத்திருப்பதுதான் ஊசி போடுவதில் பாதி வேலை. அந்தப் பாதியை எந்தக் காயும் சொல்லித் தராது.

எனக்கு இன்னமும் ஆறாத இழப்பு மனநல போஸ்டிங். ஏப்ரலில் எங்களைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தது. 1794இல் தொடங்கிய இடம். அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த அக்காக்கள், அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் உட்கார்ந்து பேச முடிகிறது என்று சொல்வார்கள். எங்களுக்கு அது மொத்தமாகப் போனது. பதிலுக்கு 40 நிமிட வீடியோக்கள். அதில் மன அழுத்த நோயின் அறிகுறிகளைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, தன்னால் ஒன்றுக்கும் உபயோகமில்லை என்ற நினைப்பு. நாலாவது வரியில் பேனா நின்றுவிட்டது. நாலும் எனக்கு இருந்தன. ஜூலையிலிருந்தே இரவு 3 மணி வரை விழித்திருந்தேன். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. பாடத்தில் வருகிற நோயாளி நான்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வகுப்பில் 60 பேர். எல்லாருடைய திரையும் கறுப்பு. மேம் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் "யெஸ் மேம்" என்று தட்டிவிட்டு வெளியேறுவோம்.

கடைசியில் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேரும் நானும் ராத்திரி 10 மணிக்குப் போனில் சேர்ந்துகொள்வது என்று வைத்துக்கொண்டோம். பல நாள் ஒன்றும் பேச மாட்டோம். ஒருத்தி வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்கும், இன்னொருத்தி வீட்டு நாய் குரைப்பது கேட்கும். அப்படியே தூங்கிப்போவேன். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த ஒரே சிகிச்சை அதுதான். கல்லூரிப் பக்கமிருந்து யாராவது ஒருவர், வாரத்துக்கு ஒரு முறை, வருகைப்பதிவுக்காக இல்லாமல் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கப் போன் செய்திருந்தால் எவ்வளவோ பேர் தேறியிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த மூவரில் ஒருத்தி படிப்பை முடிக்கவில்லை. அவள் அப்பாவுக்குத் தையல் கடை. கடை திறக்கவே இல்லை. 50 பேர் போதும், செலவு குறைவு, இப்போதே முடித்துவிடலாம் என்று ஆகஸ்டில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மருந்து ஏற்ற நரம்பில் கேனுலா குழாய் போடுவதில் எங்கள் வகுப்பிலேயே நல்ல கை அவளுக்கு. அப்புறமும் மூன்று வாரம் வருகைப்பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் வந்ததும் ஒரு சின்ன அமைதி. அடுத்த பெயர்.

நவம்பர் 25ஆம் தேதி இரவு நிவர் புயல் எங்கள் பக்கமே கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. உப்பளம் எது, ஏரி எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. அந்த வாரம் உள்தேர்வு. எழுதவில்லை. சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்தால் மறுதேர்வு வைப்பதாகச் சொன்னார்கள், வைத்தார்கள். அதோடு விட்டுவிடுகிறேன்.

டிசம்பரில் கல்லூரி திறந்தது. 2021 ஜனவரி 16இல் தடுப்பூசி தொடங்கியபோது நர்சிங் மாணவிகளையும் சுகாதாரப் பணியாளர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பிப்ரவரியில் போட்டுக்கொண்டேன். அந்த மாதமே பிரசவ வார்டு.

முதல் பிரசவத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு வந்த தாய், 24 வயது. தலை தெரிய ஆரம்பித்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் என் இரண்டு கைகளையும் பிடித்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். இடது கை குழந்தையின் தலை சட்டென்று வந்துவிடாமல் மெல்லத் தடுக்க வேண்டும். வலது கை கீழே, தாயின் சதை கிழியாமல் தாங்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிஸ்டரின் உள்ளங்கை என் புறங்கையை அழுத்திய அளவுதான் அளவு. தலை வந்ததும் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். சுற்றவில்லை. தோள் வந்தது, அடுத்த நொடி முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு சூடாக என் கையில். தாயின் வயிற்றின் மேல் போட்டுத் துடைத்தேன், அழுதது. ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு, ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போட வேண்டும். சிரிஞ்சை எடுத்த என் கை நடுங்கவில்லை. கத்தரிக்காயில் பழகிய எனக்கு அது எப்படி என்று இன்றும் ஆச்சரியம்தான். மேலே இருந்த அந்தக் கையின் தைரியம்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் முடிய 7 ஆனது. ஏப்ரலில் இரண்டாம் அலை. மாணவிகளைப் பிரசவ வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மே 3ஆம் தேதி, இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் நர்சிங் மாணவிகளையும் மூத்த செவிலியர்களின் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் பணிக்குப் பயன்படுத்தலாம், 100 நாள் பார்த்தால் அரசு வேலை நியமனத்தில் முன்னுரிமை என்று மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. கல்லூரியில் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அப்பா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ படிச்சது இதுக்குத்தானம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒரு அரசு மருத்துவமனை. 40 படுக்கை வார்டு, எங்களில் நாலு பேர், இரண்டு ஸ்டாஃப் சிஸ்டர்கள். ஒரு ஷிஃப்ட் ஆறு மணி நேரம். உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையான கிட் போட்டுவிட்டால் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம் என்பதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்துவிடும். அதோடு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை. கேனுலா போட நரம்பைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ரப்பருக்கு அடியில் இருக்கிற விரலுக்கு ஒன்றுமே தெரியாது. முதல் வாரம் ஒரு பெரியவருக்கு மூன்று முறை குத்தி, மூன்றும் வீண். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து, "பரவால்ல பாப்பா, இன்னொரு கை இருக்குல்ல" என்றார்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆட்டோ ஓட்டுபவர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது, அப்படியும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 86, 87 சதவீதம்தான். கவிழ்த்துப் படுக்க வைத்தால் 92 வரை ஏறும். கவிழ்ந்து படுக்க அவருக்குப் பிடிக்காது. மார்பு வலிக்கிறது என்பார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தெந்த ஸ்டாண்டில் ஆட்டோ போட்டார், எந்த ரூட்டில் சவாரி அதிகம் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம் அப்படியே படுத்திருப்பார். கீழ்ப்பாக்கத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதை அங்கே கற்றுக்கொண்டேன். ஆறாம் நாள் சாயங்காலம் என் போனில் மகளிடம் வீடியோவில் பேசினார். "நாளைக்குப் பேசறேன்" என்று வைத்தார். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது படுக்கையில் வேறு ஆள். இரவு 2 மணிக்கு என்றார்கள். மகள் என் எண்ணுக்கு அன்று முழுக்க அழைத்திருக்கிறார். கிட் போட்டிருந்ததால் போன் வெளியே லாக்கரில். 11 மிஸ்டு கால். திரும்ப அழைத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் அழுதோம். நான் ஒரு மாணவிதான் என்று அவரிடம் சொல்லவில்லை.

62 நாள் பார்த்தேன். ஆக்சிஜன் ஓட்டத்தை வைத்து ஒரு ஆளின் நிலையைக் கணிக்கவும், ரத்த வாயு அறிக்கையைப் படிக்கவும், டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் எது என்று தெரிந்துகொள்ளவும் அந்த வார்டுதான் எனக்குக் கற்றுத் தந்தது, இதை மறைக்க மாட்டேன். ஆனால் 22 வயதில், தேர்வே எழுதாத ஒருத்தி, ஒரே வாரத்தில் இறந்துபோன ஒன்பது பேரை மூட்டை கட்டி ஜிப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்கு வந்து தனி அறையில் உட்கார்ந்தால், அவளிடம் யாராவது பேச வேண்டும். எங்களிடம் யாரும் பேசவில்லை. தேர்வுக்கு எத்தனை நாள் பாக்கி என்றுதான் பேசினார்கள். ஜூலையில் ஊருக்குப் போனபோது தெருமுனையில் பால்காரர் என்னைப் பார்த்ததும் கேனைத் தள்ளி வைத்தார். தட்டு தட்டிய அதே தெரு. ஆயாதான் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தள்ளி நில் என்று நான் கத்தியும் கேட்கவில்லை.

தேர்வுக்கு முன் பிரசவ வார்டுக்கு மறுபடி விட்டார்கள். பாதிப் பாதியாகப் பிரித்து, ஆளுக்கு ஆறு நாள். எனக்குக் கிடைத்த ஆறு நாளும் கேஸ் எல்லாம் சிசேரியனுக்குப் போயின. புத்தகத்தை முடித்துக் கொண்டுவாருங்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேர்வு ஒரு முறை தள்ளிப்போய் ஒரு வருடமே இழுத்திருந்தது, இன்னொரு வருடம் உட்கார வீட்டில் காசில்லை. எழுதினேன்.

2022இல் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை. பிரசவ வார்டு என்றார்கள். முதல் நாள், அங்கே 20 வருடம் இருக்கிற சிஸ்டரிடம் தனியாகப் போய், "சிஸ்டர், சர்டிபிகேட்டில் 20 இருக்கிறது. நான் எடுத்தது 7" என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னியே" என்றார். அடுத்த நாலு மாதம் ஒவ்வொரு பிரசவத்திலும் என் பக்கத்தில் நின்றார். முதலில் என் கை மேல் அவர் கை. அப்புறம் கை எடுத்துவிட்டுப் பக்கத்தில். அப்புறம் கதவுக்கருகில். ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன், இல்லை. எதிர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கோவிட் காலத்தில் தற்காலிகமாக எடுத்த செவிலியர்களில் 2,400 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஓடு பணி நீட்டிப்பு இல்லை என்று நிறுத்தினார்கள். என் சீனியர் அக்கா ஒருவர் அதில் உண்டு. போராட்டத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனேன். மடியில் கைக்குழந்தை. அவரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

டியூட்டராகச் சேர்ந்தபோது எனக்கு வந்தவர்கள், முதலாண்டில் பெரும்பகுதியைப் போனில் படித்த பிள்ளைகள். மருந்துப் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் மடமடவென்று சொல்வார்கள். ஆனால் வார்டுக்குப் போனால் கட்டிலின் கால்மாட்டிலேயே நிற்பார்கள். தலைமாட்டுக்குப் போகவே மாட்டார்கள். சோம்பேறிப் பிள்ளைகள் என்று சிலர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. யாரும் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு நோயாளியைத் தொட வைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் எந்தச் செய்முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஒரு நோயாளி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாடி பார்க்கிற சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள் என்றேன்.

போன மாதம் புத்தகத்தை நீட்டிய மாணவி 16 பிரசவம் எழுதியிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனை கையால் எடுத்தாய்? உண்மையைச் சொல், ஒன்றும் செய்ய மாட்டேன்" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "11 மேம்" என்றாள். 11க்குக் கையெழுத்துப் போட்டேன். மீதி 5 பக்கத்தைப் பென்சிலால் குறுக்கே கோடிட்டு, அதற்கான போஸ்டிங் நாளை ஆஸ்பத்திரியில் பேசி வாங்கினேன். நேற்று இரவு 1:20க்கு வார்டிலிருந்து அழைத்தாள், தலை தெரிகிறது என்று. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேரக் குழந்தை பிறப்பதற்குக் கொஞ்சம்தான் இருந்தது. அவள் கை மேல் என் கையை வைத்தேன். பெண் குழந்தை, 2 கிலோ 900. நஞ்சு 2:05க்கு விழுந்தது. 12.